குதிரைத் திடலுக்குத் தரை போடுவது எப்படி? மலையகத்திலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி (நானுஓயா): அண்ணா, மூன்று மட்டக்குதிரைகள் இருக்கின்றன. 20க்கு 40 மீற்றரில் பயிற்சித் திடல் போடப் பார்க்கிறோம். எந்த மணல் நல்லது, எவ்வளவு வேண்டும்?

பதில்: மணலைக் கடைசியில் பார்ப்போம் தம்பி. நம் பக்கத்தில் திடலைக் கெடுப்பது தண்ணீர்தான். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஆண்டு முடியும் வரை முழுசாகக் காயும் நாள் குறைவு. அடியில் களிமண் வேறு. அதன்மேல் நேரே மணலைக் கொட்டினால், குளம்பு மணலை உள்ளே மிதித்துக் களியை மேலே கிளப்பிவிடும். ஒரே மழைக்காலத்தில் காசு சேறாகிவிடும்.

முதல் வேலை, மேட்டுப் பக்கம் கான் (வடிகால்) வெட்டுவது. தேயிலை மலையில் கான் செய்கிற அதே வேலைதான்: மேலிருந்து வரும் தண்ணீர் திடலுக்குள் இறங்காமல் சுற்றிப் போக வேண்டும். பிறகு மேல்மண்ணைப் புல்வேரோடு வழித்தெடுத்து, அடிமண்ணை ரோலர் போட்டு இறுக்குங்கள். ஒரு பக்கமாக 1 முதல் 2 சதவீதம் சரிவு வேண்டும். 20 மீற்றர் அகலத்துக்கு 30 சென்ரிமீற்றர் இறக்கம் அளவானது. அதிகம் சரித்தால் மழை மணலை அரித்துக்கொண்டு போகும். அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, களியும் கல்லும் கலக்காமல் தடுக்கும் துணி) விரித்து, உடைகல்லும் கல்தூளும் கலந்து, இறுக்கிய பின் 6 அங்குலம் நிற்கிற மாதிரிப் போடுங்கள். இந்தத் தளம் ஒரு பெருமழையைப் பார்க்கட்டும். தண்ணீர் தேங்கும் பள்ளங்களைத் திருத்திவிட்டுத்தான் மணல்.

சரி, மணல். கழுவிய, நடுத்தரப் பருமனுள்ள, விளிம்பு மழுங்காத மணலாகப் பாருங்கள். உருண்டையான மணி குளம்புக்கு அடியில் உருண்டு ஓடும். வாங்குமுன் ஒரு கண்ணாடிப் போத்தலில் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணலின் மேல் வண்டல் தடிப்பாகப் படிந்தால் அந்த லொறியைத் திருப்பி அனுப்புங்கள். 2 அங்குலத்துக்குச் சுமார் 14 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) பிடிக்கும். போதாவிட்டால் அரை அங்குலமாகக் கூட்டலாம். முதலிலேயே அள்ளிக் கொட்டாதீர்கள், ஆழ மணலில் குதிரையின் தசைநாண் இழுபட்டு நொண்டும்.

கேள்வி (பண்டாரவளை): ஆற்று மணல் விலை கட்டுப்படியாகவில்லை. கல்தூளை மட்டும் போட்டால் என்ன?

பதில்: தளத்துக்கு அருமையான பொருள். மேற்பரப்புக்கு வேண்டாம். நனைந்தால் சீமெந்து மாதிரி இறுகும், காய்ந்தால் பறக்கும். உங்கள் பக்கம் யூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று வேறு. அந்தத் தூசு குதிரையின் நுரையீரலுக்கும், அதில் ஏறி ஓட்டும் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் கெடுதல். மணலுக்குக் காசு போதாவிட்டால் திடலைச் சிறிதாக்குங்கள்.

கேள்வி (ஹட்டன்): ஐயா, எங்கள் இடம் முழுக்கச் சரிவு. ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பலாமா?

பதில்: பெக்கோவைக் கூப்பிடுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு ஆபத்தைக் கேட்டுவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கீழே லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்தால் இன்னும் கவனம். அனுமதி கிடைத்தால், நிரப்பும் மண்ணை அரையடிக்கு அரையடி இறுக்கிக்கொண்டே வாருங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் அந்தப் பாதி பிறகு இறங்கும். தாங்குசுவரில் தண்ணீர் வெளியேறத் துளை கட்டாயம்.

கேள்வி (வெலிமடை): மரத்தூள், தென்னந்தும்பு?

பதில்: மரத்தூள் வேண்டாம், மழையில் உக்கி வழுக்கும். தும்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். கூரை போட்ட திடலில் மணலோடு கொஞ்சம் கலக்கலாம்.

கேள்வி (கந்தப்பளை): தூசு அடங்க உப்புத் தூவலாம் என்கிறார்களே?

பதில்: மழையில் கரைந்து கீழே இருக்கிற மரக்கறித் தோட்டத்துக்கும் ஓடைக்கும் போகும். குளம்பையும் உலர்த்தும். தை, மாசி வெயிலில் தண்ணீர் தெளித்தாலே போதும்.

கேள்வி (பதுளை): திடல் தயார். இனி என்ன பராமரிப்பு?

பதில்: சாணத்தை அன்றன்றே அள்ளுங்கள். விட்டால் பொடியாகி மணலோடு கலந்து, தண்ணீர் வடிவதைத் தடுக்கும். குளம்பு அழுகலுக்கும் அதுவே வழி. குதிரைகள் ஓரமாகவே ஓடி அங்கே வாய்க்கால் மாதிரிப் பள்ளம் விழும். வேலியோரம் ஒதுங்கிய மணலை வாரம் ஒருமுறையாவது உள்ளே இழுத்துச் சமன் செய்யுங்கள். மணலைக் கிளறிச் சமன் செய்யப் பல்லுச் சட்டம் இழுத்தால் பல் மணலுக்குள்ளேயே நிற்கட்டும், தளத்தைக் கிளறினால் கல் மேலே வந்துவிடும். மணல் சொதசொதவென்று இருக்கும்போது ட்ரக்டரை உள்ளே விடாதீர்கள். மாதம் ஒருமுறை ஒரு கம்பியைப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்தி ஆழம் பாருங்கள். மழை தொடங்குமுன் கானில் அடைத்த சருகை அள்ளிவிடுங்கள்.