உக்காந்தா 95, நடந்தா 86: எது சரி?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயசு, சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி காத்து வெளிய போக கஷ்டப்படற நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கு. வீட்ல ஆக்சிமீட்டர் வெச்சா 95 காட்டுது, ஆஸ்பத்திரில 6 நிமிஷம் நடக்க விட்டதுல 86க்கு எறங்கிடுச்சாம். எதை நம்பறது? வீட்லயே அளந்து பாக்கலாமா? ஆக்சிஜன் மெஷின் வாங்கணுமா?

பதில்: ரெண்டுமே சரிதாங்க. உக்காந்திருக்கும்போது ஒடம்புக்கு தேவைப்படற ஆக்சிஜன் கம்மி, அடிபட்ட நுரையீரலே எப்படியோ சமாளிச்சுடும், எழுந்து நடந்தாதான் தேவை கூடி உள்ள இருக்கற குறை வெளிய தெரியும்.

ஆனா ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கோங்க, ஆக்சிமீட்டர் மூச்சை அளக்கறதில்ல, ரத்தத்துல இருக்கற ஆக்சிஜனதான் காட்டுது. சிஓபிடில பழைய காத்து முழுசா வெளிய போறதுக்குள்ள அடுத்த மூச்சு உள்ள வந்துடும், வேகமா நடக்க நடக்க அந்தக் காத்து நெஞ்சுல தேங்கிட்டே போகும், அதனால 94 இருக்கறப்பவே சிலருக்கு பயங்கரமா மூச்சு வாங்கும். 86 வந்தும் "நல்லாத்தாம்மா இருக்கேன்"னு சொல்றவங்களும் இருக்காங்க. அதான் டெஸ்ட்டுக்கு முன்னயும் முடிஞ்ச உடனேயும் 0ல இருந்து 10 வரைக்கும் எவ்ளோ மூச்சு வாங்குதுன்னு மார்க் போட சொல்றோம். அந்த மார்க்க தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க.

வீட்ல இந்த டெஸ்ட்ட அப்படியே செய்ய முடியாது. 30 மீட்டர் நேர் வராண்டா வேணும், சின்ன ஹால்ல திரும்பித் திரும்பி நடந்தா தூரம் கொறஞ்சுதான் வரும். ஆஸ்பத்திரிலயே முதல் தடவைய விட ரெண்டாவது தடவை கூடுதலா நடப்பாங்க, பழகிடறதுதான் காரணம். ரெண்டு ரிப்போர்ட்டுக்கு நடுவுல நடந்த தூரம் 10 மீட்டர் கொறஞ்சா பதறாதீங்க, 30 மீட்டர் கிட்ட மாறினா டாக்டர்கிட்ட கேளுங்க.

டாக்டர் ஓகே சொன்னா, அப்பா தினமும் நடக்கற நடைலயே பாருங்க. வழக்கமான இன்ஹேலர் எடுத்துட்டு அவர் வேகத்துல நடக்கட்டும், நீங்க பக்கத்துல இழுத்துட்டு நடக்காம ஒரு அடி பின்னாடியே போங்க, பேச்சு குடுக்காதீங்க, பேசினா மூச்சு மாறிடும். கை ஆடினா, விரல் ஜில்லுன்னு இருந்தா நம்பர் தப்பா வரும், பல்ஸ் நிலையா வந்தப்புறம்தான் படிக்கணும். நின்னதும் உடனே கழட்டிடாதீங்க, விரலுக்கு அந்த எறக்கம் வந்து சேர கொஞ்ச நேரமாகும், கடைசி நம்பர் இல்ல, இருக்கறதுலயே கம்மியான நம்பர்தான் முக்கியம். மூச்சு எண்ணறது உக்கார வெச்சு, அவருக்குத் தெரியாம, தெரிஞ்சா தானா வேகத்த மாத்திப்பாங்க. நெஞ்சுவலி, தலைசுத்தல், தள்ளாட்டம் வந்தா அங்கயே நிறுத்திடுங்க.

மெஷின் வாங்க இப்பவே ஓடாதீங்க. அமெரிக்கால 738 சிஓபிடி நோயாளிங்கள வெச்சு செஞ்சு 2016ல வெளியான ஆய்வுல, இப்படி மிதமா எறங்கறவங்களுக்கு தொடர்ந்து ஆக்சிஜன் குடுத்ததால ஆயுளும் கூடல, ஆஸ்பத்திரி அட்மிஷனும் தள்ளிப்போகல. உக்காந்திருக்கும்போதே 88, அதுக்கும் கீழன்னா கதை வேற, அப்ப உடனே காட்டணும். உங்க அப்பாவுக்கு நான் முதல்ல கேக்கறது பல்மனரி ரிஹேப் (நுரையீரல் நோயாளிங்களுக்கான உடற்பயிற்சி, மூச்சுப்பயிற்சி திட்டம்), கூடவே உதட்டக் குவிச்சு மெதுவா ஊதற பயிற்சி.