அப்பாவின் அழைப்பு வந்தால் ஓடி ஒளியும் மகன்

சவூதியிலிருந்து அப்பா அழைக்கும்போதெல்லாம் பேச மறுத்து ஓடுகிறான் என்பதற்காக, உங்கள் ஒன்பது வயது மகனுக்கு அவரைப் பிடிக்காமலே போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லி, பிறகு பொங்கலுக்கு என்று மாற்றி, இரண்டுக்கும் வராதவர்மீது அவனுக்குள்ள கோபம் அது. அப்பாவை வெறுக்கும் பிள்ளை, நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதுபோல், பேச்சு முடியும்வரை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்காது.

அவன் நகம் கடிப்பதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. பள்ளி நாட்களில் மட்டும் காலையில் தொப்புளைச் சுற்றி வரும் வலி பெரும்பாலும் மனக்கவலையால் வருவது. ஆனால் வலி உண்மையானது, நடிப்பு என்று திட்டாதீர்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடைக்குறைவு, தொடர் வாந்தி ஆகியவை இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். யாரையும் கேட்காமல் மாதந்தோறும் பூச்சி மாத்திரை கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கைப்பேசியில் சில கேள்விகளுக்கு விடை தட்டிவிட்டு ஆட்டிசம் என்று முடிவுகட்டியதையும் மறந்துவிடுங்கள். நேற்றுவரை கூட்டாளிகளோடு பேசிச் சிரித்து விளையாடிய பிள்ளைக்கு ஒன்பதாம் வயதில் அது புதிதாக முளைப்பதில்லை.

என்னைக் கவலைப்பட வைத்தது, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரிதான். "நான் செத்துப்போனா அப்பா வந்துடுவாருல்ல?" என்று சாப்பிடும்போது இருமுறை கேட்டிருக்கிறான், பாட்டி "வாயை மூடு" என்று அதட்டியிருக்கிறார். துக்க வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து அவசரமாகப் பறந்து வந்தவர்களைப் பார்த்த பிள்ளை, அப்பாவை வரவழைக்கும் வழியாக மட்டுமே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் இறந்தவர் திரும்புவதில்லை என்பது இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதால், குழந்தைப் பேச்சு என்று இதை விட்டுவிட முடியாது. அதட்டினால் அடுத்த முறை நம்மிடம் சொல்லவும் மாட்டான். இன்றே அவனைத் தனியாக உட்காரவைத்து, "செத்துப்போகணும்னு தோணுதா? ஏதாவது செஞ்சுக்கணும்னு நினைச்சியா?" என்று நிதானமாக, நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலை குனிந்தாலோ அவனைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிக்கொல்லி மருந்தையும் பூட்டிவைத்துவிட்டு, அன்றே அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இல்லை என்றாலும், இரண்டு முறை கேட்ட பிள்ளையை இந்த வாரத்துக்குள் அங்குள்ள மனநல மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இரவில் பதற்றமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

விமானச் சீட்டு கையில் வரும்வரை "வருகிறேன்" என்று சொல்ல வேண்டாம் என உங்கள் கணவரிடம் கண்டிப்பாகக் கூறுங்கள். விடுப்பு கிடைக்கவில்லை என்ற உண்மையை அவரே மகனிடம் சொல்லட்டும். அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை மாலைகளில், அங்கே ஐந்து மணி, இங்கே ஏழரை என்று நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டு, மதிப்பெண் விசாரணையைத் தவிர்த்து, தம் அறையையும் அன்று சமைத்ததையும் காட்டட்டும். கைப்பேசியை மகனின் கையில் திணிக்காமல், அவன் காதில் விழும்படி ஒலிபெருக்கியில் வையுங்கள். அவன் சில வாரங்கள் பேசாமலே இருந்தாலும் அழைப்பு மட்டும் தவறக் கூடாது.