யேசுவா, கிரேக்கத்தில் 'இயேசூஸ்' ஆனது எப்படி?

கேள்வி: எபிரேயப் பெயர் யேசுவா என்றால், புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கடைசியில் 'ஸ்' ஏன்? பொருள் மாறிவிட்டதா?

பொருள் மாறவில்லை, இலக்கணம்தான் வேலை செய்திருக்கிறது. எபிரேயத்தில் அந்தப் பெயரில் 'ஷ' ஒலி உண்டு. கிரேக்கத்தில் அது கிடையாது, அதனால் 'ஸ' வந்தது. கடைசித் தொண்டை ஒலியும் உதிர்ந்தது. அப்புறம், ஆண்பெயர் எழுவாயாக நிற்க கிரேக்கம் 'ஸ்' சேர்த்துக்கொண்டது. செயப்படுபொருளானால் 'இயேசூன்', உடைமைக்கு வெறும் 'இயேசூ'. அதாவது அந்த 'ஸ்' வேற்றுமை உருபு, பெயரின் பகுதி அல்ல.

சரி, எல்லாப் பெயருக்கும் இப்படியா? இல்லை. ஆபிரகாம், தாவீது, ஈசாக்கு போன்றவை உருபே ஏற்காமல் அப்படியே நிற்கும். மத்தேயு முதல் அதிகாரத்தில் யார் யாரைப் பெற்றார் என்பது 'தொன்' என்ற சொல்லால்தான் (ஆங்கில 'the' போன்றது) தெரியும். நம் 'ஐ' உருபு செய்யும் வேலையை அது செய்கிறது. எனக்குப் பிடித்தது பவுலின் எபிரேயப் பெயரான சவுல். அப்போஸ்தலர் 9இல் கதை சொல்பவர் 'சவுலோஸ்' என்று உருபோடு எழுதுகிறார். வானத்துக் குரலோ 'சவூல், சவூல்' என்று எபிரேய வடிவிலேயே கூப்பிடுகிறது.

பழைய ஏற்பாட்டு யோசுவாவுக்கும் கிரேக்கத்தில் இயேசூஸ்தான். எபிரெயர் 4:8இலும் அதே பெயர். தமிழ் வேதாகமம் இடமறிந்து 'யோசுவா' என்று போட்டிருக்கிறது.

இழப்பு ஒன்று உண்டு. யேசுவா என்ற பெயரில் 'மீட்பு' என்ற பொருள் எபிரேயக் காதுக்கு உடனே கேட்கும். மத்தேயு 1:21 அதை வைத்துத்தான் பெயருக்குக் காரணம் சொல்கிறது. கிரேக்கம் மட்டும் தெரிந்தவருக்கு அந்தச் சொல்விளையாட்டு புரியாது.