கிட்டார் செய்யும்போது சவுண்ட்ஹோலைச் சுற்றி உள்பக்கம் பலப்படுத்த வேண்டுமா? எப்படி?

கண்டிப்பாக வேண்டும். ஆனால் மேல்பலகையில் அந்த வட்ட ஓட்டையைப் போட்டதால் மட்டும் அல்ல. அதைச் சுற்றி ரொசெட் என்ற அலங்கார வேலைப்பாட்டைப் பதிக்க நீங்கள் தோண்டும் பள்ளம்தான் பெரிய காரணம்.

ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை 2.8 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொசெட்டுக்கு 1.5 மி.மீ. தோண்டினால் அடியில் மிஞ்சுவது 1.3 மி.மீ. 12–53 ஸ்டீல் கம்பி செட் (மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053 அங்குலம்) மாட்டி முழு சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் கழுத்து முன்னால் சாயப் பார்க்கும். ஃபிரெட்போர்டின் (கழுத்தின்மேல் விரல் வைத்து வாசிக்கும் பலகையின்) நுனி சவுண்ட்ஹோலை நோக்கித் தள்ளும். நடுவில் மரம் இல்லாததால் அந்தச் சுமை முழுக்க ஓட்டையின் இரண்டு பக்கமும்தான் இறங்க வேண்டும். அங்கேதான் பலகை பாதிக் கனத்தில் இருக்கிறது.

அதனால் உள்பக்கம் ஒட்டும் பட்டை, ரொசெட்டின் வெளி விளிம்பைத் தாண்டிப் போக வேண்டும். அதிகம் நடக்கும் தவறு இதுதான். ரொசெட் ஓட்டையிலிருந்து 5 மி.மீ. தள்ளித் தொடங்கி 18 மி.மீ. அகலம் என்றால், அதன் வெளி விளிம்பு 23 மி.மீ.யில் இருக்கும். பட்டையும் 23-லேயே முடிந்தால் மேலே பள்ளத்தின் ஓரம், கீழே பட்டையின் ஓரம், இரண்டும் ஒரே கோட்டில் விழும். பலகை அந்தக் கோட்டில் கீல் போல மடங்கும், பிறகு விரிசல் விடும். 30 மி.மீ. அகலம் கொடுங்கள். எக்ஸ் பிரேஸின் (உள்பக்கம் X வடிவில் ஒட்டும் தாங்கு கட்டைகளின்) கை குறுக்கிட்டால் அதை ஒட்டி நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு அப்பால் தாங்குவது பிரேஸின் வேலை.

முழு வளையமா, தனிப் பட்டைகளா என்று கேட்டால், ஸ்டீல் கம்பிக்கு என் ஓட்டு தனிப் பட்டைகளுக்கு. ஓட்டைக்குக் கீழே எக்ஸ் பிரேஸ் குறுக்கே வெட்டும் இடம் ஏற்கெனவே கெட்டி. அங்கே மேலும் கனம் சேர்ப்பது வீண். பக்கத்துக்கு ஒன்றாக 1.5 மி.மீ. ஸ்ப்ரூஸ் பட்டை போதும். ரேகை மேல்பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓடட்டும், ஏனென்றால் தாங்க வேண்டியது நீளவாக்கில் வரும் அழுத்தம். பட்டையின் ஒரு முனை மேல் குறுக்கு பிரேஸிலும் (ஓட்டைக்கு மேலே, கழுத்துப் பக்கம் குறுக்காக ஒட்டும் கட்டை) மறுமுனை எக்ஸ் பிரேஸிலும் இடைவெளி இல்லாமல் முட்ட வேண்டும். நடுவில் ஒரு விரல்கடை விட்டாலும் சுமை அந்த இடைவெளியில்தான் பலகையை மடக்கும்.

ஃபிரெட்போர்டு நுனிக்கு அடியில் ஒட்டும் பட்டையில் மட்டும் ரேகை குறுக்கே ஓட வேண்டும். ஃபிரெட்போர்டு மரம் காய்ந்து சுருங்கும்போது அதன் இரு ஓரத்திலும் மேல்பலகை நீளவாக்கில் விரிசல் விடும். அதைப் பிடித்து நிறுத்துவது குறுக்கு ரேகைதான். 2 மி.மீ. கனம், 20 மி.மீ. அகலம், ஃபிரெட்போர்டின் இரு பக்கமும் 20 மி.மீ. வெளியே நீளும் அளவு நீளம்.

நைலான் கம்பிக் கிட்டாருக்கு இழுப்பு ஏறக்குறைய பாதிதான். மேல்பலகையும் மெல்லியது, எக்ஸ் பிரேஸும் இல்லை. அதற்கு முழு வளையம் பொருத்தமாக இருக்கும்.

வேலை வரிசை: முதலில் ரொசெட்டைப் பதித்துச் சமப்படுத்துங்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து இழைத்துப் பலகையை இறுதிக் கனத்துக்குக் கொண்டுவந்து ஓட்டையை வெட்டுங்கள். பட்டைகள், பிரேஸ்கள் எல்லாம் அதற்குப் பிறகு. ஒட்டும் நாளில் அறையின் ஈரப்பதம் 40–50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மேல்பலகைக்கு வளைவு கொடுப்பதாக இருந்தால் பட்டைகளையும் அதே வளைவில் குழிந்த தட்டில் வைத்தே அழுத்துங்கள். சமதளத்தில் ஒட்டினால் ஓட்டையைச் சுற்றி மட்டும் பலகை தட்டையாகி நிற்கும். பிரேஸ் அடிப்பாகம் சரியாக உட்காராது.

மரவேலைக்கான மஞ்சள் பசை போதும், மெல்லிய ஒரே பூச்சாக. கிளாம்ப் போட்டதும் ஓரத்தில் பசை சிறு மணிகளாகப் பிதுங்க வேண்டும், ஒழுகினால் அதிகம். 15, 20 நிமிடத்தில் அது ஜெல் பதத்துக்கு வரும். அப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவின் வாயை மூலையில் அழுத்தித் தள்ளிக்கொண்டே போனால் பசை சுருண்டு உள்ளே ஏறிவிடும். ஈரத் துணியால் துடைக்காதீர்கள், மெல்லிய ஸ்ப்ரூஸ் நீர் குடித்து நெளியும்.

காய்ந்ததும் பட்டையின் வெளி ஓரத்தை உளியால் சரிவாகச் சீவி ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். செங்குத்தான படி விட்டால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். உள் ஓரத்தை ஓட்டையோடு சமமாகத் தேய்க்கலாம், அல்லது வெளியே தெரியாதபடி 3 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டலாம். ரவுட்டர் (சுழல் வெட்டு எந்திரம்) வைத்துச் சமப்படுத்தினால், ரேகைக்கு எதிராக வெட்டும் கால்வட்டங்களில் சிம்பு பிய்ந்து ரொசெட் வரை போய்விடும். அந்த இடங்களுக்கு உருளையில் சுற்றிய உப்புத்தாளே நல்லது.

சத்தம் மாறுமா என்ற பயம் வேண்டாம். 100 மி.மீ. விட்டமுள்ள ஓட்டையில் விளிம்பு 1.5 மி.மீ. தடித்தால், 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் காற்று அதிர்வு 1 ஹெர்ட்ஸ்கூட இறங்காது. ஓட்டைக்கு மேலே, கழுத்துப் பக்கத்தில், மேல்பலகை அதிகம் அதிர்வதும் இல்லை.

ட்ரஸ் ராடை, அதாவது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகக் கம்பியை, சவுண்ட்ஹோல் வழியாகத் திருப்பும் அமைப்பு என்றால், குறுக்கு பிரேஸில் சாவிக்கான துளை போட்டு, சாவியை நுழைத்துத் திருப்பிப் பார்த்த பிறகே ஃபிரெட்போர்டுக்கு அடியில் வரும் பட்டையை ஒட்டுங்கள்.