வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்துவது அவிசுவாசமா? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் அப்பா இறந்துபோனார். கல்லீரலில் புற்றுநோய். கண்டுபிடித்த அன்றைக்கே டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, மாதக்கணக்குதான் என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டில் தினமும் ஜெபக்கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற வசனத்தை அவர் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஒரு நாள் அவர் பத்திரம், பாங்க் லாக்கர் என்று ஏதோ பேச ஆரம்பித்தார். "அப்படியெல்லாம் பேசாதீங்க அங்கிள், அது அவிசுவாசம்" என்று தடுத்துவிட்டார்கள். அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போது உயிலும் இல்லை, எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. அக்காவுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, இனி அவளுக்குப் பங்கு கிடையாது என்கிறார் சித்தப்பா. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்பாவின் பைபிளை எடுத்துப் பார்த்தேன், 90ஆம் சங்கீதத்தில் "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்திருந்தார். சாவைப் பற்றி யோசிப்பது அவிசுவாசமா அண்ணா? எனக்கு 42 வயது. நாட்களை எண்ணுவது என்றால் நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வேண்டாமே,
திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த "சாவாமல், பிழைத்திருந்து" வசனத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் தென்மாவட்டங்களில் எந்த நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாலும் அதுதான் காதில் விழுகிறது. அது வருகிற 118ஆம் சங்கீதம் ஒரு நன்றிப்பாட்டு. ஆபத்தில் சிக்கி, மீண்டு வந்த ஒருவன் கோயில் வாசலில் நின்று பாடுவது. அடுத்த வரியிலேயே "என்னைச் சாவுக்கு ஒப்புக்கொடுக்கவில்லை" என்று நடந்து முடிந்ததைத்தான் சொல்கிறான். அதைப் பிடித்து, இன்னும் எதுவும் நடக்காத ஒருவர் வாயில் திணித்து, நீ இதை விடாமல் சொன்னால் சாகமாட்டாய் என்று உத்தரவாதம் கொடுக்க அந்தச் சங்கீதத்தில் இடமே இல்லை. குணமாக வேண்டும் என்று ஜெபிப்பதில் தப்பில்லை, நானும் ஜெபிப்பேன். ஆனால் மனுஷன் பத்திரத்தைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போது கையமர்த்துவதை ஜெபம் என்று என்னால் சொல்ல முடியாது.

இதே ஆட்கள் அடுத்தபடியாக எடுப்பது எசேக்கியா ராஜாவைத்தான், உங்கள் வீட்டிலும் எடுத்திருப்பார்கள். சாகக்கிடந்தபோது சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தான், பதினைந்து வருஷம் கூடக் கிடைத்தது. உண்மைதான். ஆனால் அந்தக் கதை எப்படி ஆரம்பிக்கிறது? ஏசாயா 38, முதல் வசனம்: "நீர் உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும், நீர் பிழைக்கமாட்டீர், மரித்துப்போவீர்." கர்த்தர் அனுப்பிய ஏசாயா தீர்க்கதரிசியே வந்து சொல்கிற முதல் காரியம் வீட்டுக்காரியம். அப்புறம் அந்தப் பதினைந்து வருஷத்தில் என்ன நடந்தது என்பதைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம். பாபிலோனிலிருந்து வந்த தூதர்களுக்குக் கஜானாவைத் திறந்து காட்டினான். இதெல்லாம் ஒரு நாள் பாபிலோனுக்குப் போகும், உன் பிள்ளைகளில் சிலரும் போவார்கள் என்று ஏசாயா சொன்னபோது, என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே என்று பதில் சொன்னான். பிள்ளைகள் தலையில் இடி விழும் என்கிறார்கள், மனுஷன் தன் காலம் தப்பித்ததே என்று நிம்மதியாகிறான்! அவனுக்குப் பிறகு ராஜாவான மனாசேக்கு அப்போது வயது பன்னிரண்டு, கணக்குப் போட்டால் அந்தக் கூடுதல் வருஷங்களில் பிறந்தவன். யூதாவின் ராஜாக்களிலேயே மோசமானவன் என்று பெயர் வாங்கியதும் அவன்தான். ஆயுசு கூடுவது வேறு, ஞானம் கூடுவது வேறு என்று அந்தக் கதையை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் கேள்விக்குக் கிறிஸ்தவ மரபில் நான் பார்த்த நேரடியான பதில் மார்ட்டின் லூத்தருடையது. 1519இல், சாக்சனி இளவரசரின் அவையில் இருந்த ஒருவர் சாவு பயத்தில் தவிக்கிறார், அவருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள். மரணத்துக்கு ஆயத்தப்படுவதைப் பற்றி இருபது குறிப்புகளாக ஒரு சின்னப் பிரசங்கத்தை ஜெர்மன் மொழியில் எழுதினார். அப்போது லூத்தருக்கு வயது சுமார் 35 என்பதைக் கவனியுங்கள், உங்களைவிடச் சின்னவர்.

அதில் முதல் குறிப்பு என்ன தெரியுமா? விசுவாசமும் இல்லை, மோட்சமும் இல்லை. சொத்தை ஒழுங்காகப் பிரித்து எழுதி வை, நீ போன பிறகு சொந்தக்காரர்களுக்குள் சண்டை வரக்கூடாது. அவ்வளவுதான். இரண்டாவது, உனக்குத் தீங்கு செய்தவர்களை மன்னித்துவிடு, நீ யாருக்குத் தீங்கு செய்தாயோ அவர்களிடம் மன்னிப்புக் கேள். இந்த இரண்டையும் முடித்த பிறகுதான் மூன்றாவதாகக் கண்ணைக் கடவுள் பக்கம் திருப்பச் சொல்கிறார். உங்கள் அப்பா முதல் குறிப்பில் வாயைத் திறந்தார், அவிசுவாசம் என்று மூடிவிட்டார்கள். நாட்டில் பாதிச் சபைகள் லூத்தர் பெயரைச் சொல்லித்தான் பிழைப்பு நடத்துகின்றன. இருக்கட்டும்.

அந்தப் பிரசங்கத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. சாவைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் உடம்பு நன்றாக இருக்கும்போதுதான் என்கிறார். அது தூரத்தில் இருக்கும்போதே கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்துப் பழகிக்கொள். கட்டிலில் விழுந்த பிறகு அதைப் பார்க்காதே, அப்போது ஜீவனையும் கிருபையையும் கிறிஸ்துவையும் மட்டும் பார், ஏனென்றால் பயம் அந்த நேரத்தில்தான் சாவை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். நாம் என்ன செய்கிறோம்? அறுபது எழுபது வருஷம் அந்தப் பேச்சே எடுக்காமல் இருந்துவிட்டு, கடைசி இரண்டு மாதத்தில் வீடு நிறைய ஆட்களை வைத்துச் சாவோடு மல்லுக்கட்டுகிறோம். வேலையைச் செய்ய வேண்டிய காலத்தில் செய்யாமல் விட்டு, ஓய்வாகப் படுத்துக்கொள்ள வேண்டியவரை எழுப்பி வேலை வாங்குகிற மாதிரி. உங்கள் அப்பா கோடு போட்ட வரி இதைத்தான் சொல்கிறது என்று நான் நினைக்கிறேன்.

லூத்தருக்கும் முன்னால், பதினைந்தாம் நூற்றாண்டில், நன்றாகச் சாவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் சின்னச் சின்னப் புத்தகங்கள் ஐரோப்பா முழுக்கப் புழங்கின. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்களோடு, படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி. கட்டிலைச் சுற்றிப் பிசாசுகள் நின்று ஐந்து விதமாகச் சோதிக்கும்: அவிசுவாசம், அவநம்பிக்கை, பொறுமையின்மை, ஆன்மிகப் பெருமை, சொத்துசுகத்தின் மேல் பற்று. அந்த மரபில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. பிழைத்துக்கொள்வாய் என்று அளவுக்கு மீறி நம்பிக்கை கொடுக்காதே, அதை நம்பி அவன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் போய்விடுவான். அறுநூறு வருஷத்துக்கு முன்னாலும் அந்தக் கூட்டம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. "இன்று இரவு நீ மரித்தால் எங்கே போவாய்?" என்று கன்வென்ஷன் மேடையிலிருந்து மைக்கில் அலறுகிறார்களே, அதை நாட்களை எண்ணுவது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயந்து கை தூக்குகிறவன் மறுநாள் காலையில் பழைய ஆள்தான். முடிவு வந்துவிட்டது என்ற பேச்சு ஓடிய காலத்தில் தெசலோனிக்கே பட்டணத்துச் சபையில் சிலர் வேலைக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் கறாராக எழுதினார்.

எண்ணுவது என்றால் என்ன என்பதை நான் கண்ணால் பார்த்தது ஒரு பெரியம்மாவிடம். பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் போன பிறகு பீரோவைத் திறந்தால் மேலேயே ஒரு கோடு போட்ட நோட்டு, அட்டையில் "முதலில் இதைப் படிக்கவும்". உயில் எங்கே, வீட்டுப் பத்திரத்தின் நகல் யாரிடம், பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி, பெட்டிக்கும் குழிக்கும் எடுத்துவைத்த பணம் எந்தக் கவரில், எந்தச் சேலை கட்ட வேண்டும், அடக்க ஆராதனையில் என்னென்ன பாட்டு. "ஐயரிடம் பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்லவும், வெயிலில் பிள்ளைகள் நிற்கும்" என்று சபைப் போதகருக்காக ஒரு குறிப்பு. கடைசிப் பக்கத்தில் சில பெயர்கள், எதிரே டிக். எங்களுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒருத்தரிடம் கேட்டால், "அக்கா போன கிறிஸ்மஸுக்கு வீடு தேடி வந்து, அந்தப் பழைய விஷயத்தை மனசுல வச்சுக்காதேன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றார். இந்த அம்மாள் சோகமாக உட்கார்ந்திருந்தவர் இல்லை, ஐஸ்க்ரீம் என்றால் உயிர், கடைசி வருஷம் வரை டூர் போனவர். அந்த நோட்டு இருந்ததால்தான் அப்படிப் போக முடிந்தது என்று எனக்குத் தோன்றும்.

தஞ்சாவூர் போனால், சிவகங்கைப் பூங்கா பக்கம் சின்னக்கோட்டையில் இருக்கும் ஸ்வார்ட்ஸ் ஆலயத்துக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1798 பிப்ரவரியில் இறந்துபோன மிஷனரி ஸ்வார்ட்ஸின் மரணப்படுக்கையைச் சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் சலவைக்கல்லில் செய்து வைத்திருக்கிறார். கிழவர் படுத்திருக்கிறார், மன்னர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஸ்வார்ட்ஸ் தன் காலம் முடிகிறது என்று தெரிந்து, ஆடம்பரத்தில் மயங்காதே, நியாயமாக நட என்று அவருக்குப் புத்தி சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். போகப்போகிறவர் பேசுகிறார், இருக்கப்போகிறவர் கேட்கிறார். அப்படிப் பேச விடுவதற்குச் சுற்றி இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

லண்டனில் 1967இல், குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை ஆரம்பித்த சிசிலி சாண்டர்ஸும் ஆழ்ந்த விசுவாசி. நர்ஸ், அப்புறம் சமூகப் பணியாளர், அப்புறம் முப்பதுகளின் கடைசியில் டாக்டர். வலி திரும்பி வரட்டும் என்று காத்திருக்காமல் நேரத்துக்கு நேரம் மருந்து கொடுங்கள் என்பதற்காகப் போராடியவர். வலி அடங்கினால்தான் மனுஷன் மனுஷனாக உட்கார்ந்து பேச முடியும். நோயாளிக்குத் தெரியாது என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு அநேகமாகத் தெரிந்தே இருக்கும். உங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் லாக்கரைப் பற்றி எதற்குப் பேச்செடுக்கிறார்?

சரி, அக்கா விஷயம். லூக்கா 12இல் மதிகெட்ட ஐசுவரியவானின் கதை எதற்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். கூட்டத்தில் ஒருத்தன் எழுந்து, ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரச் சொல்லி என் சகோதரனிடம் சொல்லும் என்று இயேசுவிடம் பஞ்சாயத்துக்கு வருகிறான். அவனுக்குத்தான் அந்தக் கதை. அது முடிவதும் சொத்துக் கேள்வியில்தான்: இன்று இராத்திரி உன் உயிர் போனால் நீ சேர்த்ததெல்லாம் யாருடையதாகும்?

உங்கள் வீட்டில் யாருடையதாகும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, சித்தப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை. உயில் எழுதாமல் போன கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அம்மா இருந்தால் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. பழைய திருவிதாங்கூர் பக்கம் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சொற்பப் பங்கு என்று தனிச்சட்டம் ஓடிக்கொண்டிருந்தது, மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அது 1951லிருந்தே செல்லாது என்று சொல்லிவிட்டது. சீதனம் கொடுத்தாயிற்று என்ற பேச்சை வைத்து அக்காவின் பங்கைத் தள்ள முடியாது. அவளாக வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் நீங்களே போய், உன் பங்கு உனக்கு என்று சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள். லூத்தரின் இரண்டாவது குறிப்பும் அதோடு முடிந்துவிடும்.

அப்புறம் உங்கள் உயில். 42 வயது சீக்கிரமில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ அவர் மனைவிக்கோ கணவருக்கோ உயிலில் எதுவும் எழுதினால், கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பகுதி செல்லாது, ஆகவே மனைவியையோ உயிலில் பங்கு பெறுகிற வேறு யாரையோ சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள், சபையில் நம்பிக்கையான இரண்டு பேரைப் பிடியுங்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் இப்போதே எழுதி வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி திறந்தது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னாலோ கெசட்டட் அதிகாரி முன்னாலோ கையெழுத்துப் போட்டால் போதும். இதுவும் தற்கொலைக்குச் சமம் என்று யாராவது வந்து பயமுறுத்துவார்கள். உயிரை இழுத்துப் பிடிக்க அசாதாரணமான வழிகளையெல்லாம் கையாண்டே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே சொல்லியிருக்கிறார் என்று அவர்களிடம் சொல்லுங்கள். கத்தோலிக்கர் சொன்னால் எங்களுக்கு என்ன என்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

லாக்கர் சாவி அப்பாவின் பைபிள் உறைக்குள்ளோ பழைய பென்ஷன் ஃபைலிலோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பாங்க்கில் இறப்புச் சான்றிதழோடு போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள், அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணன்