தண்ணீர்க் குழாயில் எர்த் ஒயரைக் கட்டலாமா?

வீட்டில் எர்த் குழி இல்லை, பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயிலேயே எர்த்தைக் கட்டிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அந்தக் குழாயில் எங்கோ ஒரு துண்டை மின்சாரம் கடத்தாத பி.வி.சி.யாக மாற்றியிருந்தால் மண்ணோடு இருந்த தொடர்பு அங்கேயே அறுந்துவிடும். (பிளம்பர் கை படாத பழைய குழாய் ஏது?) பிறகு கீசரில் மின்கசிவு வந்தால், அது மண்ணுக்குப் போக வழியின்றி வீட்டு இரும்புக் குழாய்களில் எல்லாம் 230 வோல்ட் வரை ஏறி நிற்கும். ஈரக் கையோடு குழாயைத் திறப்பவர்தான் அப்போது எர்த்!

பிரிட்டனின் பி.எஸ். 7671 என்ற ஒயரிங் விதிமுறை, பொதுக் குடிநீர்க் குழாயை எர்த் மின்முனையாக (மண்ணோடு மின்தொடர்பு தரும் உலோகமாக) ஏற்பதே இல்லை. அமெரிக்காவில் 10 அடியாவது மண்ணில் புதைந்த உலோகக் குழாய் என்றால் ஏற்கிறார்கள். கூடவே இன்னொரு மின்முனையும் வைத்தாக வேண்டும்.

முதலில் தனி எர்த் போடுங்கள். பிறகு அதன் முனையிலிருந்து தாமிர ஒயர் இழுத்து, இரும்புக் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தருகே பெயிண்டைச் சுரண்டி, கிளாம்ப் போட்டு இணையுங்கள். இதுதான் பாண்டிங். கீசர் உடலும் குழாயும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், இரண்டையும் ஒருசேரத் தொட்டாலும் ஆபத்தான மின்னோட்டம் உடலில் பாயாது. முழுக்க சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் என்றால் இந்த வேலையே இல்லை.

மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மாட்டுங்கள். அது இருக்கிறதே என்று எர்த்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.