சனி எங்கே இருக்கிறார்?

அன்புள்ள ஐயா,

பத்தொன்பது வருடமாகப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். போன வாரம் பதினொன்றாம் வகுப்பில் கெப்ளர் விதிகள். சனி ஒருமுறை சூரியனைச் சுற்றி வர ஏறக்குறைய 29½ வருடம் என்று போர்டில் எழுதியதும் ஒரு மாணவி எழுந்து, “சார், எங்க வீட்டுக் காலண்டர்ல 2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சின்னு போட்டிருந்துச்சு. திருநள்ளாறு கோவில்ல 2026லதான்னு சொல்லிட்டாங்க. எது சார் சரி?” என்றாள். வகுப்பே சிரித்தது. “அது நம்பிக்கைம்மா, இது அறிவியல், ரெண்டையும் போட்டுக் குழப்பாதே” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

நான் 2023 டிசம்பரில் அம்மாவோடு திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் முழுகி எள் தீபம் போட்டு வந்தவன். இது தெரிந்த சக ஆசிரியர் ஒருவர் என்னைப் ‘பார்ட் டைம் விஞ்ஞானி’ என்றுதான் கூப்பிடுகிறார். கணித மேதை ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் கணக்குச் சொல்லவில்லையா, இஸ்ரோக்காரர்கள் ராக்கெட் மாதிரியைத் திருப்பதியில் வைத்துக் கும்பிடவில்லையா என்று நானும் பதில் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே அது நிறைவாக இல்லை. அறிவியல் மனமும் சாமி நம்பிக்கையும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா? நான் இரட்டை வேடம் போடுகிறேனா?

(தஞ்சை மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரே ஆளிடம் இருக்க முடியுமா என்றால் முடியும், நீங்களே இருக்கிறீர்களே. அதற்கு ராமானுஜன் எதற்கு? காலையில் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு மத்தியானம் கல்யாண வீட்டில் பாயசத்தை ஒரு கை பார்க்கிற ஆள் நான். இரண்டும் என் வயிற்றுக்குள்தான் இருக்கின்றன, அதனால் இரண்டும் ஒத்துப்போகும் என்று என் டாக்டரிடம் போய் வாதாட முடியாது. ‘இன்னார் பெரிய விஞ்ஞானி, அவரே கும்பிட்டார்’ என்ற வாதம் எல்லாமே இந்தப் பாயச வாதம்தான். நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம், 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றி எழுதியிருந்தது தவறு. தாயார் பெயரைச் சொல்லி அதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஹார்டி நிரூபணம்தான் கேட்டார். 2021 ஆகஸ்டில் இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி எஃப்10 ராக்கெட் தோற்றபோதும் விசாரணைக் குழு திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வில் இருந்த கசிவைத்தான் தேடிப் பிடித்தது. பூஜையில் ஏதாவது குறை வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் நீங்கள் திருநள்ளாறு போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மா கூப்பிட்டார், போனீர்கள். எனக்கு வருத்தம் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொன்ன பதிலில்தான். அவள் கேட்டது சுத்தமான இயற்பியல் கேள்வி ஐயா! கடவுள் உண்டா என்றோ சனி பகவான் படுத்துவாரா என்றோ அவள் கேட்கவில்லை, ஒரு கிரகம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், எது சரி என்று கேட்டாள். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துத் தீர்க்கக்கூடிய விஷயம். அதைத்தான் ‘நம்பிக்கை’ என்று சொல்லி மூடிவிட்டீர்கள்.

காலண்டர் தேதி திருக்கணிதம் (வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய கணக்கு), கோவில் தேதி வாக்கியம் (மனப்பாட வாக்கியங்களில் வரும் பழைய கணக்கு), இது உங்களுக்கே தெரிந்திருக்கும். கிட்டத்தட்ட பதினோரு மாத வித்தியாசம். வானத்தில் அது சுமார் 8 பாகை, முழுநிலவை வரிசையாகப் பதினாறு தடவை அடுக்கி வைத்தால் வரும் தூரம். இதில் கொஞ்சம், ராசி மண்டலத்தை எந்தப் புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்குவது என்ற பழைய சண்டை. மீதி எல்லாம் நூற்றாண்டுக் கணக்காகத் திருத்தப்படாத எண்களில் சேர்ந்துகொண்டே வந்த பிழை. இந்தப் பதினோரு மாதமும் மகர ராசிக்காரர்கள் நிலைமையைப் பாருங்கள், ஒரு பஞ்சாங்கத்தின்படி ஏழரைச் சனி முடிந்து விடுதலை, இன்னொன்றின்படி இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். (எந்த நேரத்திலும் பன்னிரண்டு ராசியில் மூன்றுக்கு ஏழரை நடந்துகொண்டேதான் இருக்கும், அதாவது ஏறக்குறைய நாலில் ஒருத்தருக்கு. அப்புறம் ஜோசியருக்கு ஏன் கூட்டம் குறையும்?)

வாக்கியத்தை நான் கிண்டல் செய்யவில்லை. நிலவின் இடத்தைச் சொல்ல 248 வாக்கியங்கள், ஒவ்வொன்றின் எழுத்துக்குள்ளும் எண்கள், மனப்பாடமாகவே ஓடும். அது ஏன் 248 என்றால், நிலவு பூமிக்கு மிக அருகே வந்து மறுபடி அருகே வர ஆகும் காலம் 27½ நாளுக்குச் சற்று மேல், அப்படி ஒன்பது சுற்று போனால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள் வந்துவிடும். ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1825ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்க்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்தே எண்களை எடுத்து, சந்திர கிரகணம் எப்போது தொடங்கி எப்போது விடும் என்று சொல்கிறார், எல்லாம் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த பிழைக்குள். அதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்த எண்கள் முதலில் எங்கிருந்து வந்தன? யாரோ ராத்திரி ராத்திரியாக அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். கேரளத்தில் பரமேஸ்வரன் என்ற நம்பூதிரி ஐம்பத்தைந்து வருடம் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று 1431ல் ‘திருக்கணிதம்’ என்ற நூலை எழுதினார். அந்த மரபில் வந்த நீலகண்டர் சோமயாஜி, அதாவது சோம யாகம் செய்தவர், அவரைவிட ஆசாரமான ஆள் வேண்டுமா? ஆரியபடர் பிரம்மாவின் அருளால் பெற்ற சாஸ்திரம் இது, இதைப் போய்ச் சோதிப்பதா என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு பதில் வைத்திருக்கிறார்: தெய்வத்தின் அருள் புத்தியைத் தெளிவாக்கும், அவ்வளவுதான், பிரம்மாவோ சூரியனோ நேரில் வந்து பாடம் நடத்தப் போவதில்லை. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால்! சென்னை வான ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் வைணவர்தான். 1867ல் ஓர் ஒளி மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர், பஞ்சாங்கத்தைத் திருத்துங்கள் என்று சொல்லி ஊராரிடம் திட்டும் வாங்கினார்.

இவர்கள் யாரும் சாமியை விட்டுவிடவில்லை. எழுதி வைத்ததும் வானமும் முரண்பட்டால் எழுத்தைத் திருத்தினார்கள். உங்களிடம் நான் கேட்க விரும்புவதும் இதைத்தான். கும்பிடுகிறீர்களா இல்லையா என்பதை விடுங்கள், பிழை என்று தெரிந்தால் திருத்துவீர்களா? இந்த இடத்தில் சும்மா சமரசமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ‘இது இறைவன் வாக்கு, தொடாதே’ என்று சொல்கிற நம்பிக்கை எந்த மதமானாலும் அறிவியலோடு மோதும், மோதியே தீரும். இரண்டும் வேறு வேறு துறை, ஆளுக்கொரு மூலை என்று பாகம் பிரிப்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மதங்கள் ஒருநாளும் தம் மூலையில் நின்றதில்லை, உலகம் எப்போது பிறந்தது, நோய் ஏன் வந்தது, கர்ப்பிணி கிரகணத்தில் சாப்பிடலாமா என்று எல்லாவற்றிலும் வாயைக் கொடுத்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிரகணத்துக்குக் கோவில் நடைசாத்தும்போது கிரகண நேரம் தப்புவதில்லை. 2022 அக்டோபர் 25 அன்று நடைசாத்திய கோவில்கள் எல்லாம் சரியான நாளில்தான் சாத்தின. கிரகணம் தவறினால் தெருவில் விளையாடுகிற குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். சனியை யார் பார்க்கிறார்கள்? அதனால் அவர் எட்டுப் பாகை தள்ளி இருந்தாலும் ஒருவரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து கேட்ட ஒரே ஆள் உங்கள் மாணவிதான்.

என் பங்குக்கு: எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தின்போது திண்டுக்கல்லில் பெரியம்மா வீட்டு மாடியில் இருந்தேன். கிரகணக் கண்ணாடியைக் கொடுத்ததும் முதலில் மாட்டேன் என்றவர், ஒன்பதரை மணி வாக்கில் வளையம் முழுசாக விழுந்தபோது என் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு திருப்பியே தரவில்லை. அப்புறம் கீழே இறங்கித் தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றினார். அந்தக் குளியலோடு எனக்கு என்ன சண்டை? பக்கத்து வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியை விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்காமல் அறைக்குள் வைத்திருந்தார்கள். அங்கே போய்ச் சத்தம் போட்டேன். பெரியம்மாவும் கூடவே வந்து சத்தம் போட்டார்.

சரி, வேலைக்கு வருவோம். அந்த மாணவியைக் கூப்பிட்டு, கேள்வி நல்ல கேள்வி, நான்தான் நழுவிவிட்டேன் என்று வகுப்பு முன்னாலேயே சொல்லுங்கள். இரண்டு பஞ்சாங்கத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சனி எந்த நட்சத்திரத்தில் எத்தனையாம் பாதம் என்பது இரண்டிலும் இருக்கும், நிலவு எந்த நட்சத்திரத்தில் எத்தனை நாழிகை என்பதும் இருக்கும். நிலவு சனியைக் கடந்துபோவது எப்போது என்று இரண்டிலிருந்தும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, அன்று வானத்தைப் பார்க்கட்டும். ராசிக் கோடு எங்கே என்ற சண்டைக்கே போக வேண்டாம். இந்த 2025 அக்டோபரில் இருட்டியதும் கிழக்கே மஞ்சளாக, மினுங்காமல் நிற்பது சனிதான், மழை பிடித்துக்கொள்வதற்குள் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களைக் கேட்டால் தொலைநோக்கி கிடைக்கலாம். உங்கள் அம்மாவையும் கூட்டி வாருங்கள், எள் தீபம் போட்டவரை ஒருதடவை நேரில் பார்க்கட்டும். வளையத்தை மட்டும் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இந்த 2025ல் அது நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு இருக்கிறது, மெல்லிய கோடாகத்தான் தெரியும்.